கியர் சைக்கிளுக்கு எத்தனை கண்ணி சங்கிலி? கடைக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்கு

பெங்களூர் மேடு பள்ளம் நிறைந்த ஊர். பீனியா போன்ற இடங்களுக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிற நம்மவர்களில் பலர், மேடு ஏற வசதி என்று கியர் சைக்கிள் வாங்குகிறார்கள். "எம்.டி.பி." எனப்படும் மலைப்பாதை சைக்கிள்தான் அது.

சாதாரண சைக்கிளில் சங்கிலி தொங்கினால், பின் சக்கரத்தைச் சற்று பின்னால் இழுத்து நட்டை முடுக்கி விடலாம். கியர் சைக்கிளில் அந்த வழி கிடையாது. கியரை மாற்றும்போது சங்கிலி சிறிய பல்சக்கரத்தில் இருந்து பெரிய பல்சக்கரத்துக்குத் தாவுகிறது. பின்னால் ஸ்பிரிங்குடன் தொங்கும் கியர் மாற்றிதான், முன்னும் பின்னும் அசைந்து சங்கிலியை இறுக்கமாக வைக்கிறது.

குட்டையானால் ஆபத்து

சங்கிலி குட்டையாக இருந்தால், முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்துக்கு வரும்போது கியர் மாற்றி விறைத்து நிற்கும். அதற்கு மேல் மிதித்தால் அது வளையும். அல்லது உடைந்து போக்ஸ் கம்பிக்குள் சிக்கும். ஓடும் வண்டியில் இது நடந்தால் ஆள் விழ வேண்டியதுதான். சங்கிலியின் விலை மட்டும் அல்ல, கியர் மாற்றியின் விலையும், ஒரு நாள் சம்பளமும் சேர்ந்து போகும்.

நீளமாக இருந்தால் சங்கிலி தொங்கி, சட்டத்தில் அடிக்கும். குழியில் இறங்கும்போது கழன்று விடும்.

கணக்கு இதுதான்

பெடல் பொருந்திய நடு அச்சின் மையத்தில் இருந்து, பின் சக்கர அச்சின் மையம் வரை அங்குலத்தில் அளந்து கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். முன்னால் உள்ள பெரிய சக்கரத்தின் பற்களை எண்ணி நாலில் ஒரு பங்கு, பின்னால் உள்ள பெரிய சக்கரத்தின் பற்களில் நாலில் ஒரு பங்கு, இரண்டையும் கூட்டுங்கள். கடைசியில் 1 சேருங்கள்.

உதாரணமாக, அச்சுகளின் இடைவெளி 17 அங்குலம். முன்னால் 42 பல். பின்னால் 28 பல். 34, பத்தரை, 7, 1 ஆகியவற்றைக் கூட்டினால் ஐம்பத்திரண்டரை. அரை வந்தால் மேலே உள்ள முழு எண்ணையே எடுக்க வேண்டும். ஆகவே 53 அங்குலம்.

ஒரு கண்ணி அரை அங்குலம். எனவே 106 கண்ணிகள் தேவை. பெட்டியில் வரும் புதுச் சங்கிலி 116 கண்ணி என்றால், 10 கண்ணிகளைக் கழற்ற வேண்டும். பூட்டுக் கண்ணி இருந்தால் அதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். கன்னடம் பேச வராதவர்கள் கடையில் "106" என்று எழுதிக் காட்டினாலே போதும்.

பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் உள்ள சைக்கிளில், ஆள் உட்கார்ந்து அழுந்தும்போது அச்சுகளின் இடைவெளி கூடலாம். எந்த நிலையில் அதிகமோ, அதையே அளக்க வேண்டும்.

பழைய சங்கிலி

பழைய சங்கிலி சரியான நீளத்தில் இருந்திருந்தால், அதன் கண்ணிகளை எண்ணி, புதியதிலும் அத்தனையே வைக்கலாம். பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வெட்டக் கூடாது. பழையது தேய்ந்து நீண்டிருக்கும்.

தேய்மானத்தையும் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்றுங்கள். அரைக்கால் அங்குலம் கூடும் வரை ஓட்டினால், பெரும்பாலும் பின் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

வாங்கும்போது அகலத்தையும் கவனியுங்கள். பின்னால் 6, 7, 8 பல்சக்கரங்கள் உள்ளவற்றுக்கு ஒரே வகைச் சங்கிலி போதும். 9, 10 என்றால் இன்னும் மெல்லியது வேண்டும். சாதாரண சைக்கிள் சங்கிலி இவற்றுக்குப் பொருந்தாது.

கடையிலேயே சோதியுங்கள்

மாட்டியதும் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலை கையால் மெதுவாகச் சுற்றி, முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டு வாருங்கள். கியர் மாற்றி விறைக்கக் கூடாது. பிறகு இரண்டு பக்கமும் சிறியதற்குக் கொண்டு வாருங்கள். சங்கிலி தொங்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பணத்தைக் கொடுத்து விட்டு சைக்கிளை எடுத்து வரலாம்.