ஆயுதபூஜைப் பொரியும் அப்பாவின் நாத்திகமும்

கோவையில் ஒரு பஞ்சாலையில் அப்பாவுக்கு வேலை. செங்கொடிச் சங்கத்து ஆள். ஆயுதபூஜையன்று திருநீற்றை வேண்டாம் என்பவர், பொரிகடலையை மட்டும் துண்டில் முடிந்து கொண்டுவருவார். "சாமி இல்லீன்னா பொரி மட்டும் எதுக்குங்க?" என்பாள் அம்மா. "பொரி இருக்குதல்ல?" என்பார்.

கம்யூனிஸ்ட் என்றால் சாமி கும்பிடமாட்டார் என்று ஊரில் ஒரு கணக்கு. அது பொய்யில்லை. பொருள்தான் முதல், எண்ணம் அதிலிருந்து பிறப்பது என்ற தத்துவத்தில் கடவுளுக்கு வேலை கிடையாது. ஆனால் 1844இல் வெளியான கட்டுரையில் மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அபினோடு வலியையும் பார்த்தார். அந்தக் காலத்தில் அபின் வலிக்கு மருந்து. வலி தீர்ந்தால் மருந்து தானே விலகும் என்பது அவர் எண்ணம்.

தமிழ்நாட்டிலோ சாதிக்கு முட்டுக்கொடுத்தது மதம்; அதனால் பெரியார் கடவுளிடமே கணக்குக் கேட்டார். 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பியவர், பொதுவுடைமையாளர் சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் வகுத்தார். லாகூர் சிறையில் பகத்சிங் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவா தமிழாக்க, அவரும் அதை வெளியிட்ட பெரியாரின் அண்ணன் கிருஷ்ணசாமியும் கைதானார்கள். பெரியாருக்கும் பொதுவுடைமையாளர்களுக்குமான உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. 1930களின் நடுவிலேயே ஜீவா பிரிந்துபோனார்.

அதிகாரம் கம்யூனிஸ்ட் கட்சியின் கைக்கு வந்ததும் மார்க்ஸின் பொறுமை மாஸ்கோவில் மறந்துபோனது. 1931 டிசம்பரில் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை ஸ்டாலின் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. பின்னாளில் அங்கே நீச்சல்குளம் வந்தது. சோவியத் நாடே இல்லாமல் போனபின், அதே இடத்தில் பேராலயம் மறுபடி எழுந்தது. வெடிமருந்துக்கு இடிந்தது கட்டடம்தான்.

லெனினோ மதத்தை எப்படி அணுகுவது என்று 1909லேயே யோசித்திருந்தார். வேலைநிறுத்தம் நடக்கும்போது நாத்திகப் பிரச்சாரம் செய்து, பக்தியுள்ள தொழிலாளியைப் பிரித்துவிடாதே, அது முதலாளிக்குத்தான் லாபம் என்று எழுதினார்.

ஒரு கார்த்திகையில் அப்பாவின் மில்லில் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "மாலை போட்டிருக்கேனுங்க தோழர், கொடி புடிக்கலாமுங்களா?"

அப்பா கொடிக்கம்பை நீட்டினார்: "மாலை கழுத்துலதானப்பா இருக்குது. கை சும்மாதான இருக்குது?"