மஞ்சள் தூளுக்கும் பில் கேளுங்கள்

சளி பிடித்த குழந்தைக்கு மஞ்சள் பால் கொடுக்கலாமா, எத்தனை நாள் கொடுக்கலாம் என்று கேட்பவர்கள் ஏராளம். அந்தத் தூளை எங்கே வாங்கினோம் என்று யோசிப்பவர்கள் மிகக் குறைவு. தண்ணீரில் போட்டதும் சாயம் இறங்குகிறதே என்று சந்தேகம் வந்தாலும் வழக்கமாக நடப்பது இதுதான்: வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுகிறார்கள், தூளைக் குப்பையில் கொட்டுகிறார்கள், கடையை மாற்றிக்கொள்கிறார்கள். அதே மூட்டையிலிருந்து அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மறுநாளும் தூள் போகிறது. பொட்டலமும் பில்லும் கையில் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியையும் அசைக்க முடியாது.

நாலு பேர் சாப்பிடும் குழம்பில் போடும் அரை ஸ்பூன் தூள் நாலு பேருக்கும் பிரிந்து போகிறது. மஞ்சள் பாலில் போடுவது முழுக்க ஒரே குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது. சமையல் பொருள் மருந்தாகும்போது அளவும் மாறுகிறது, சாப்பிடுகிறவரின் வயதும் மாறுகிறது. இங்கேதான் ஈயம் பற்றிய கவலை வருகிறது. வேகவைத்துக் காயவைத்த விரலி மஞ்சள் மங்கலாகத்தான் இருக்கும். பளிச்சென்று இருந்தால் கூடுதல் விலை என்பதால், பாலிஷ் போடும்போதோ அரைக்கும்போதோ ஈய குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைச் சேர்க்கும் அயோக்கியத்தனம் தெற்காசியச் சந்தைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. பாலைக் கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரத்தசோகை, வயிற்றுவலி, படிப்பில் மந்தம் என்று வேறு ஏதோ நோய் போலத்தான் அது வெளியே தெரியும். மஞ்சளில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை ஈயம் இருக்க நம் சட்டம் அனுமதிக்கிறது. அந்த வரம்பைத் தொடும் தூளில் ஒரு கிராம் எடுத்தால் 10 மைக்ரோகிராம் ஈயம். உணவு வழியாக ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவுகோல். எல்லாப் பொட்டலத்திலும் இவ்வளவு ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்டது என்பதாலேயே தினமும் மருந்தாகக் கொடுக்க ஏற்றது ஆகிவிடாது என்கிறேன்.

பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறோமே என்பார்கள். பாட்டி கிழங்கை வாங்கிக் காயவைத்து, இடித்துச் சலித்து வைத்துக்கொண்டார். யாரோ எங்கோ அரைத்த தூளைப் பாலில் கலக்கவில்லை. தண்ணீர்ச் சோதனையில் தேறிவிட்டது என்பார்கள். ஈய குரோமேட் தண்ணீரில் கரைவதே அரிது. டம்ளரில் சாயம் இறங்கினால் சந்தேகப்படலாம். இறங்காததால் தூள் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. மஞ்சளுக்கான அமெரிக்கக் காப்புரிமையை இந்தியா 1997இல் ரத்து செய்யவைத்ததே, அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. புண்ணுக்கு மஞ்சள் போடுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்டது. எந்தப் புண்ணும் மஞ்சளால் ஆறிவிடும் என்று அங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை. நாய்க்கடியில் மஞ்சளை அப்பாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தீக்காயத்திலும் பச்சைக் குழந்தையின் தொப்புளிலும் மஞ்சள் வேண்டவே வேண்டாம். மஞ்சளிலிருந்து எடுத்து, மிளகுச் சத்து சேர்த்து விற்கும் குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். அந்த மாத்திரை சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

இனி வாங்கும் முறை. பொடித்த மசாலாவைப் பொட்டலமாக அன்றி உதிரியாக விற்கவே சட்டத்தில் இடமில்லை. எனவே சாக்கிலிருந்து அள்ளித் தரும் தூளை மலிவு என்று வாங்காதீர்கள். பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், பேக்கிங் தேதி மூன்றும் இருக்க வேண்டும். பில் வாங்குங்கள். பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்கா பில் என்று கடைக்காரர் முகம் சுளித்தாலும் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் அதே பேட்சில் பிரிக்காத இன்னொரு பொட்டலம் வாங்கி வைத்துவிட்டு, லேபிளையும் பில்லையும் படம் எடுத்து, தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். கூடவே மாவட்ட நியமன அலுவலருக்கு எழுத்து மூலமாகவும் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை; மாதிரி எடுக்கும் அதிகாரம் உணவு பாதுகாப்பு அலுவலருடையது.

அலுவலர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம் என்கிறது. பொருள் தேறவில்லை என்றால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். அறிக்கையும் நடவடிக்கைக்காக நியமன அலுவலருக்குப் போகும். ஒரு நிபந்தனை உண்டு, பலர் கோட்டைவிடுவது இதில்தான்: பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். வாயால் சொன்னால் பின்னால் மறுத்துவிடுவார். கடைப் பெயர், தேதி, பேட்ச் எண் குறித்து இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. ஈயத்துக்கும் ஈய குரோமேட்டுக்கும் சோதிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் குறிப்பாக எழுதுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பில்லும் சீல் பிரிக்காத பொட்டலமும் இல்லாமல் போகாதீர்கள்.

ஆள் இல்லை, கருவி இல்லை என்று அதிகாரிகள் சொல்லும் சமாதானத்தை ஏற்க முடியவில்லை. வங்கதேசத்தில் 2019இல் சோதித்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. கையடக்க எக்ஸ்ரே கருவியோடு டாக்கா மொத்தச் சந்தைக்குள் போய், அந்த இடத்திலேயே அபராதம் போட்டார்கள், மக்களுக்கும் எச்சரிக்கை கொடுத்தார்கள். 2021இல் அது பூஜ்யத்துக்கு இறங்கியது. இங்கே உங்கள் புகார் கிடப்பில் கிடந்தால், அந்த மாவட்டப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் போடுங்கள். மாதிரி எடுத்த தேதி, பகுப்பாய்வு அறிக்கையின் நகல், எடுத்த நடவடிக்கை என்று மூன்று கேள்விகள் போதும். மாதிரி கைக்கு வந்த 14 நாளில் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அதையும் மனுவில் சுட்டிக்காட்டுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். முத்திரை வாங்கிய புகார் நகலை அதோடு இணைக்க மறக்காதீர்கள்.