மூக்கு என்றால் எது?

புறநோயாளர் பிரிவுக்கு வருவோருள் பலர், "மூக்குச் சரியில்லை" என்ற ஒரே தொடருடன் பேச்சைத் தொடங்குகின்றனர். அதை மட்டும் கேட்டு மருத்துவர் மருந்து எழுத இயலாது. அடைப்பா, ஒழுகலா, இரத்தமா, மணம் தெரியவில்லையா, எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று அடுக்கடுக்காக வினவுவார். இக்கேள்விகள் சிலருக்குச் சலிப்பூட்டலாம். ஆனால், தமிழில் மூக்கு என்னும் சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்பது. அவற்றுள் எதனைக் கருதுகிறோம் என்று தெளிவாகச் சொன்னால் நோயை அறிவது எளிதாகும். அதன்பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முன்னே நீண்டிருப்பதை மூக்கு என்பது நம் வழக்கு. பறவையின் அலகும் மூக்கே. வேடந்தாங்கலுக்கு வரும் நாரைகளுள் ஒன்றுக்கு மஞ்சள் மூக்கு நாரை என்றே பெயர். நீர் வார்க்கும் கெண்டிக்கும் மூக்கு உண்டு. முனை கூர்ந்த கொண்டைக்கடலையை மூக்குக்கடலை என்கிறோம். ஆனால், மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் நிற்கும் யானைகளின் நீண்ட மூக்கைத் தமிழர் மூக்கு என்பதில்லை. அது கையின் தொழிலைச் செய்வதால் துதிக்கை ஆயிற்று. உருவத்தைக் கொண்டும் தொழிலைக் கொண்டும் பெயரிடுவது நம் மரபு. நோயாளர் மொழியிலும் இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. மூக்கு என்று ஒருவர் முகத்தில் தெரியும் உறுப்பைச் சொல்வார்; மற்றொருவர் மூச்சை, மணத்தை அல்லது குரலைச் சொல்வார்.

குரலை முதலில் எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் பிறக்கும் உறுப்புகளுள் மூக்கையும் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறுகிறது. ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய மெல்லெழுத்துகள் ஆறும் ஒலிக்க, காற்று மூக்கின் வழியே செல்ல வேண்டும். சளி பிடித்தவர் "மாமா" என்று அழைத்தால் அது "பாபா" போல ஒலிப்பது இதனால்தான். "பிள்ளை மூக்கால் பேசுகிறான்" என்று பெற்றோர் கூறும்போது, ஒன்றுக்கொன்று எதிரான இரு நிலைகளுள் எதனையும் அது குறிக்கலாம். மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதை வீங்கினால் காற்று மூக்கிற்குள் செல்வதில்லை. அப்பிள்ளைகள் வாயைத் திறந்து உறங்குவர், குறட்டையும் இருக்கும். மேலண்ணத்தில் பிளவோ குறையோ இருந்தால், செல்லக்கூடாத எழுத்துகளுக்கும் காற்று மூக்கின் வழியே கசிந்துவிடும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஆகவே, எந்த எழுத்துகள் திரிகின்றன, உறக்கம் எப்படியிருக்கிறது என்பதைக் கவனித்து வந்து சொல்லுங்கள்.

"மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்பதும் இத்தகைய தொடரே. மூக்கின் உட்சுவரில் எல்லோருக்கும் இயல்பாகவே சதைமடிப்புகள் உண்டு. உள்ளே செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரப்படுத்துவது அவற்றின் பணி. ஒவ்வாமையால் அவை வீங்குவது ஒரு நிலை. நீர்கோத்த திராட்சை போன்ற பாலிப் தொங்குவது வேறொரு நிலை. முன்பு கூறிய அடினாய்டு மூன்றாவது. மூன்றையும் மக்கள் சதை என்றே அழைக்கின்றனர். சதை என்று கேட்டவுடன் அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டா. பலருக்கு மருந்தே போதுமானது. ஆனால், அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தைத் தாமாகவே வாங்கி ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து விட்டுக்கொண்டால், அம்மருந்தே அடைப்பை மிகுவிக்கும்.

"சில்லுமூக்கு உடைந்தது" என்னும் வழக்கு மருத்துவ உண்மைக்கு நெருக்கமானது. மூக்கிலிருந்து வரும் இரத்தத்தில் பெரும்பகுதி, நடுத்தண்டின் முன்புறத்தில் மெல்லிய இரத்தக்குழாய்கள் கூடும் இடத்திலிருந்தே கசிகிறது. அவ்வேளையில் தலையை அண்ணாந்து பிடிப்பது தவறு; இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தியை உண்டாக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னே குனிந்து, எலும்புக்குக் கீழுள்ள மெல்லிய பகுதியை இரு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுங்கள். 10 முதல் 15 நிமிடம் வரை இடையில் விட்டுப் பார்க்காமல் பிடித்திருக்க வேண்டும். 20 நிமிடம் கடந்தும் நிற்கவில்லையெனில், அல்லது தலையில் அடிபட்டிருப்பின், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதனைத் தவறாது தெரிவிக்க வேண்டும்.

குழந்தைகளின் மூக்கைப் பற்றி இரு செய்திகள். ஒரு பக்கத்தில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி ஒழுகினால், உள்ளே ஏதேனும் சிக்கியிருக்கலாம். மூக்குக்கடலையே மூக்கில் ஏறுவதுண்டு. அது ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும். வீட்டில் ஊக்கு, குச்சி கொண்டு எடுக்க முயலாதீர்கள். பொம்மைகளில் உள்ள வட்டச் சிறு பேட்டரி சிக்கியிருந்தால் சில மணி நேரத்திலேயே நடுத்தண்டை அரித்துவிடும். இரவு என்று பாராமல் வாருங்கள். இரண்டாவது, மூக்கு விடைத்தல். பெரியவர்க்கு அது கோபத்தின் அடையாளம் என்போம். கைக்குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கை விடைத்தால், அது மூச்சுத்திணறலின் அடையாளம். சிறிதும் காத்திருக்கலாகாது.

இனி, உடலைக் கடந்த ஒரு பொருள். தமிழில் மூக்கு மானத்தையும் குறிக்கும். அவமானம் அடைந்தவரை மூக்கறுபட்டார் என்கிறோம். முற்காலத்தில் மூக்கை அறுப்பது தண்டனையாகவே இருந்தது. அவ்வாறு இழந்த மூக்கை உடலின் வேறிடத்துத் தோலைக் கொண்டு ஒட்டும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. நெற்றித் தோலைக் கொண்டு செய்த அத்தகைய இந்தியச் சிகிச்சை ஒன்றை 1794-இல் இலண்டன் இதழ் ஒன்று வெளியிட்டதும், ஐரோப்பிய மருத்துவர்கள் அதனைக் கற்றனர்.

மானத்தோடு மூக்கைப் பிணைத்த இந்த எண்ணம் தொழுநோயில் பெருந்தீங்கு விளைவித்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ இல்லம் தொடங்கப்பட்டது. 1955-இல் மத்திய அரசின் நிறுவனமாகி, பயிற்சியும் ஆராய்ச்சியும் நடக்கும் இடமாக அது வளர்ந்தது. மருந்தில்லாத நாளில், பல்லாண்டு முற்றிய நோயால் சிலருக்கு மூக்குத் தண்டு அமிழ்ந்தது. அந்த முகத்தைக் கண்டே ஊரார் அஞ்சினர். அந்த அச்சம் இன்றும் சிலரை மருத்துவரிடம் வராமல் தடுக்கிறது. இன்று கூட்டு மருந்து உண்டு. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உண்டால் நோய் குணமாகும். அரசு அதனை இலவசமாகவே வழங்குகிறது. தொடக்கத்திலேயே மருந்து உண்டவர்க்கு மூக்கு அமிழ்வதில்லை. மூக்கடைப்பு என்பது பெரும்பாலும் சளியோ ஒவ்வாமையோதான். எனினும், உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமலும், நாள்பட்ட அடைப்பும், மூக்கில் பொருக்கும் இரத்தமும் சேர்ந்து இருந்தால் ஒளிக்காமல் காட்டுங்கள். நோயை வெளியே சொன்னால் மூக்கறுபடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம்: காலத்தே சொன்னால்தான் மூக்கைக் காக்க முடியும்.

அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் ஐந்து செய்திகளைக் குறித்து வாருங்கள்: எந்தப் பக்கம், எத்தனை நாளாக, வருவது நீரா, சளியா, இரத்தமா, மணம் தெரிகிறதா, இப்போது என்னென்ன மருந்து உண்கிறீர்கள். பேச இயலாத முதியவருக்கும் குழந்தைக்கும் உடனிருப்போரே இவற்றைக் கவனித்து எழுதித் தரலாம்.