திருவள்ளூரின் உள்ளாட்சி எல்லைகள்: வரியும் பள்ளியும் சாலையும்

திருவள்ளூர் மாவட்டத்தின் உள்ளாட்சி வரலாறு பெருமளவுக்குச் சென்னை தன் எல்லையை எவ்வளவு தொலைவு நகர்த்தியது என்பதன் வரலாறாகவே இருந்துவருகிறது. 1997இல் அன்றைய செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்து உருவாக்கப்பட்ட இம்மாவட்டம், 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம், மதுரவாயல், வளசரவாக்கம் ஆகிய ஏழு நகராட்சிகளை இழந்தது. 2018இல் அப்பகுதிகள் வருவாய் நிருவாகத்திலும் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டன. எஞ்சிய நிலப்பரப்பில் 2019இல் ஆவடி மாநகராட்சியாகவும், 2021இல் பொன்னேரி, திருநின்றவூர் பேரூராட்சிகள் நகராட்சிகளாகவும் உயர்த்தப்பட்டன. 2025 ஜனவரியில் மாநிலம் தழுவிய மறுசீரமைப்பு அறிவிப்புகள் வெளியானபோது, பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் ஆவடியோடு இணைக்கும் திட்டம் அவற்றில் இடம்பெற்றது. நகராட்சி என்ற பெயர்ப்பலகையின் வண்ணம் மங்குவதற்குள்ளாகவே திருநின்றவூர் வேறொன்றின் பகுதியாகும் நிலைக்கு வந்தது.

ஓர் ஊரின் உள்ளாட்சித் தகுதி மாறுவது என்பது அரசிதழில் வெளியாகும் ஓர் அறிவிப்போடு முடிந்துவிடுவதில்லை. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்னும் மூன்று அடுக்குகளும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் ஊரக வளர்ச்சித் துறையோடு இணைந்து இயங்குகின்றன; பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவை 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு உட்பட்டவை. ஓர் ஊராட்சி நகராட்சியோடு சேரும்போது அதன் மன்றம் கலைகிறது. வங்கிக் கணக்கு, மின்கட்டண நிலுவை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அதை இயக்குபவர், தூய்மைக் காவலர், வரிப் பதிவேடு, சாலைப் பதிவேடு என ஒவ்வொன்றும் ஒரு துறையிடமிருந்து மற்றொரு துறைக்குக் கைமாற வேண்டும். எல்லை ஒரே நாளில் மாறிவிடுகிறது. கைமாற்றம் எப்போது முடியும் என்று அறிவிப்பில் எழுதப்படுவதில்லை. இம்மாவட்டத்தின் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறந்தவை.

முதலில் நிதி. ஊராட்சி தன் எல்லைக்குள் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவற்றை வசூலிக்கிறது. தொழில் வரி என்பது சம்பளம் பெறுவோரும் தொழில் செய்வோரும் அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்துவது. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று விதித்த உச்சவரம்பு 1988க்குப் பிறகு உயர்த்தப்படவேயில்லை. அந்த வரி தொழிலாளி குடியிருக்கும் ஊருக்கு அல்லாமல், அவர் வேலை செய்யும் ஆலை அமைந்துள்ள ஊருக்கே போய்ச் சேருகிறது என்பதுதான் இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியைப் பொறுத்தவரை கவனிக்கத்தக்கது. கும்மிடிப்பூண்டி ஒரு பேரூராட்சி. அதைச் சுற்றியுள்ள ஒன்றியத்தில் 61 ஊராட்சிகள் உள்ளன. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டை வளாகமும், மிஷெலின் டயர் ஆலை அமைந்துள்ள தேர்வாய்கண்டிகை சிப்காட்டும் இவற்றுள் சில ஊராட்சிகளுக்கு மட்டுமே ஆலை வரியைத் தருகின்றன. ஷிப்டு முடிந்து தொழிலாளர் திரும்பும் வாடகை வரிசை வீடுகள் பெருகிய பக்கத்து ஊராட்சிக்கோ அவர்களுடைய குப்பையும் கழிவுநீரும் குடிநீர்த் தேவையுமே மிஞ்சுகின்றன.

இக்குறையை ஈடுசெய்ய வேண்டியது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படும் மானியம். அப்பகிர்வில் மக்கள்தொகை பெரும் பங்கு வகிக்கிறது. அந்த மக்கள்தொகையோ 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பின் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்து சிப்காட்டைச் சுற்றிக் குடியேறியவர்கள் அக்கணக்கில் இல்லை. ஊராட்சிகளை ஒன்றாக்கி நகராட்சி ஆக்கினால் ஆலை உள்ள ஊரின் வருவாய் ஆலை இல்லாத ஊருக்கும் பயன்படும் என்ற வாதம் இந்த இடத்தில் வலுவானதே. ஆனால் இணைப்புக்கு எழுந்த எதிர்ப்பும் காரணமற்றது அன்று. நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்துவந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது என்பதால், நகராட்சி எல்லைக்குள் வந்த மறுநாளே விவசாயக் கூலிப் பெண்கள் அதை இழக்க வேண்டியிருந்தது. வீட்டு வரிக்குப் பதிலாக நகர்ப்புறச் சொத்து வரி வரும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. சாக்கடையும் தெருவிளக்கும் பின்னால் வரும், வரிச்சீட்டு முன்னால் வரும் என்பது மக்களின் கணிப்பு. 2011இல் இணைக்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைப் பணிகள் பத்தாண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்ததை நோக்கும்போது அக்கணிப்பைக் குறைகூற இயலாது.

தேர்தல் தாமதமும் நிதியைத் தடுக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதி ஆணைய மானியங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர்களே தனி அலுவலர்களாகப் பொறுப்பேற்றனர். இணைப்பு குறித்து ஊரின் சார்பில் பேசவேண்டிய மன்றம், இணைப்பு விவாதிக்கப்பட்ட காலத்திலேயே இல்லாமற்போனது தற்செயல் என்று விட்டுவிடக்கூடியதன்று.

குழந்தைகளுக்கான சேவைகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஏனெனில் அவற்றில் எதுவும் ஒரே கையில் இல்லை. அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழும், தொடக்கப்பள்ளி பள்ளிக்கல்வித் துறையின் கீழும் இயங்க, பள்ளிக்குத் தண்ணீரும் கழிப்பறைப் பராமரிப்பும் பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. 2011இல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படுவதற்கு 2022 ஆனது. தெரு மாநகராட்சியினுடையது, பள்ளி வேறு நிருவாகத்தினுடையது என்ற நிலை பதினோரு ஆண்டுகள் நீடித்தது. அதாவது, இணைப்பின்போது முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை மேல்நிலைப் பள்ளியை எட்டும் காலம் வரை.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. சிறார் பாதுகாப்புக்காகக் கிராம அளவில் அமைக்கப்படும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவரே தலைவர். குழந்தைத் திருமணம், பள்ளி இடைநிற்றல், குழந்தைத் தொழிலாளர் முறை ஆகியவற்றை முதலில் அறியக்கூடிய அமைப்பு அதுவே. ஊராட்சி மறையும்போது அக்குழு வார்டு அளவில் புதிதாக அமைக்கப்பட வேண்டும். செங்கல் சூளைகள் நிறைந்த இம்மாவட்டத்தில் இது சிறிய செய்தியன்று: ஆண்டுதோறும் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வரும் சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் சூளையருகிலேயே ஒடியா மொழியில் கற்பிக்கும் பணியிட வகுப்புகள் இங்கு நடத்தப்பட்டிருக்கின்றன. சூளை எந்த ஊரில் இயங்குகிறது, அங்கு எத்தனை குழந்தைகள் வந்திறங்கினர் என்பதை அறிந்தவர் பெரும்பாலும் ஊராட்சிச் செயலரே.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. 2018இல் நிதி நெருக்கடியால் புதிய செலவுகளையே நிறுத்திய அந்த மாவட்ட மன்றம் 2021இல் கலைக்கப்பட்டு, இரண்டு புதிய மன்றங்கள் அதன் இடத்தில் அமைந்தன. ஆனால் குழந்தைகள் நலப்பணியை இரண்டாகப் பிரிக்காமல், அதற்கென்று ஓர் அறக்கட்டளையை முன்கூட்டியே, 2020 நவம்பரில், உருவாக்கி அதனிடம் ஒப்படைத்தனர். அதன் பணித்தரம் குறித்து விமர்சனங்கள் உண்டு என்றாலும், எல்லை மாறுவதற்கு முன்பே பொறுப்பாளர் யார் என்பது முடிவாகியிருந்தது.

சாலைகளின் கதை சுருக்கமானது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி துறைமுகத்துக்குச் செல்லும் வழியில் சிப்காட் பராமரிக்கும் உட்சாலை, ஒன்றியச் சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை, தேசிய நெடுஞ்சாலை எனப் பல உடைமையாளர்களின் நிலத்தைக் கடக்கலாம். இவற்றுள் பாரம் தாங்காமல் முதலில் சிதைவது, கனரக வாகனத்துக்காக அமைக்கப்படாத ஒன்றியச் சாலைதான். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரம் நோக்கி அமைந்துவரும் சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலை முழுமையடைந்தால் நெரிசல் குறையலாம். ஊர்ச்சாலையின் குழியை மூடும் பொறுப்பு அதனால் மாறாது. ஊராட்சி நகராட்சியோடு இணையும்போது, ஒன்றியத்தின் சாலைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு நகராட்சியின் பதிவேட்டில் ஏறும் வரை அச்சாலைக்கு எந்தத் துறையும் மதிப்பீடு தயாரிக்க முன்வருவதில்லை.

கும்மிடிப்பூண்டி வட்டமோ ஏற்கெனவே இரட்டை நிலையில் இருக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட அரசாணையில் இவ்வட்டமும் அடங்குவதால், நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அது பெருநகரம். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் அதன் பெரும்பகுதி இன்னமும் கிராம ஊராட்சிகளே. 2027ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நிருவாக எல்லைகள் 2025 டிசம்பர் 31 நிலவரப்படி நிலைநிறுத்தப்பட்டிருக்கின்றன. வார்டு எல்லைகளும் மானியப் பங்குகளும் அக்கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டே பின்னர் திருத்தப்பட வேண்டியிருப்பதால், சிப்காட்டைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளில் வாழ்வோர் கும்மிடிப்பூண்டியில் எண்ணப்படுவார்களா, சொந்த ஊரில் எண்ணப்படுவார்களா என்பதைப் பொறுத்தே இவ்வூராட்சிகளின் அடுத்த பத்தாண்டு வருவாய் அமையும்.