வண்டி வந்துவிட்டது, ஓட்ட இடம் எங்கே?

பழைய குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தளம்பாறையை சோஹோ நிறுவனத்தால் ஊர் உலகம் அறியும். பெங்களூரில் மின்சார பைக் தயாரிக்கும் அல்ட்ராவயலெட் நிறுவனத்தில் 2021 டிசம்பரில் பெரிய முதலீடு செய்தவை இரண்டு. ஒன்று இந்த சோஹோ, இன்னொன்று டிவிஎஸ் மோட்டார். டிவிஎஸ் குழுமத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடிக்காரர். ஆக, அல்ட்ராவயலெட் உருவாக்கும் மின்சார டர்ட் பைக்கில் நெல்லைச் சீமையின் கை கொஞ்சம் இருக்கிறது. அந்த பைக்கைத் தென்காசியில் ஒருவர் வாங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

டர்ட் பைக் என்பது கல், மண், சேறு, ஓடை ஆகியவற்றில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. எடை குறைவாக, தரையிலிருந்து உயரமாக இருக்கும். ஷாக் அப்சார்பர் நீளமாக இறங்கி ஏறும். டயரில் பட்டன் பட்டனாகப் பல் இருக்கும். பெட்ரோலில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் போன்றவை நமக்குப் பழகியவை. அல்ட்ராவயலெட் 2025 மார்ச்சில் ‘ஷாக்வேவ்’ என்ற மின்சார பைக்கை அறிவித்தது. எடை 120 கிலோ, எக்ஸ்பல்ஸைவிட முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. பேட்டரி 4 கிலோவாட் மணி, குதிரைத்திறன் 14.5, சோதனைக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 165 கி.மீ. அறிவித்த விலை ஒன்றே முக்கால் லட்சம். சாலையில் பதிவு செய்து ஓட்டும்படியாகவே இதை வடிவமைத்திருக்கிறார்கள். இந்த விவரம் ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மேட்டுப் பாதைக்கு மின்மோட்டார் பொருத்தமான சாதனம். பெட்ரோல் இன்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் முழு இழுவிசை தரும். அதனால்தான் ஏற்றத்தில் கிளட்சைப் பாதி பிடித்து, கியரைக் குறைத்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கித் திண்டாடுகிறோம். மோட்டாருக்கு அந்தத் தொல்லை கிடையாது. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை கிடைக்கும். கிளட்சும் கியரும் தேவையில்லை. கல் நிறைந்த ஏற்றத்தில் இது பெரிய வசதி, புதிதாக ஓட்டுகிறவருக்கு ஆபத்தும்கூட. ஈரப் பாறையில் லேசாகக் கூடுதலாக முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கிப் போய்விடும்.

பேட்டரிதான் இடறுகிற இடம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஷாக்வேவின் மொத்த பேட்டரியும் அதில் பாதிகூட இல்லை. ஆனால் இன்ஜின் தான் குடித்ததில் ஐந்தில் நான்கு பங்கை வெப்பமாக வீணடிக்கிறது, மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால், இந்த பேட்டரி ஒன்றே முக்கால் அல்லது இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அவ்வளவு சின்ன டாங்கோடு மண் பாதையில் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 165 கி.மீ. என்பது சோதனைச் சூழலில் கிடைத்த எண். சேற்றிலும் மேட்டிலும் அது வெகுவாகக் குறையும். மலையடிவாரத்தில் சார்ஜ் தீர்ந்தால் பாட்டிலில் வாங்கி ஊற்ற முடியாது. 120 கிலோவைத் தள்ளத்தான் வேண்டும்.

செலவுப் பக்கம் நல்ல செய்தி. 4 கிலோவாட் மணி என்றால் வீட்டுக் கணக்கில் 4 யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் நாலரை யூனிட்டில் பேட்டரி நிரம்பிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. சீசனில் ஓட்டுகிற மின்சார வண்டியில் அந்தக் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

சாரலில் நனைந்தால் பேட்டரி கெடுமா என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டரிக்கு ‘ஐபி 67’ தரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீருக்கு அந்த உறுதி பொருந்தாது. சேற்றை வாளித் தண்ணீரில் கழுவுவதே நல்லது.

வெளிநாடுகளில் மின்சார டர்ட் பைக் தொழில் விழுந்தும் எழுந்தும் வருகிறது. அமெரிக்காவின் ஆல்டா 2018-ல் மூடப்பட்டது. ஸ்வீடனின் கேக் 2024-ல் திவாலானது. ஆனால் 2021-ல் அறிமுகமான ஸ்டார்க் வார்க் 80 குதிரைத்திறனோடு பெட்ரோல் பந்தய பைக்குகளுக்குச் சவால் விட்டது. 2023-ல் ஹோண்டா தன் மின்சார பைக்கை ஜப்பானிய மோட்டோகிராஸ் போட்டியிலேயே இறக்கியது. அதே ஆண்டு ராயல் என்ஃபீல்டு மின்சார ஹிமாலயனின் மாதிரியைக் காட்டியது. பேட்டரி விலை இறங்க இறங்க இந்த வண்டிகள் பெருகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் இடத்தைப் பற்றித்தான். டர்ட் பைக் என்றதும் நம் பையன்களின் கண் மேற்கே மலையைப் பார்க்கும். அந்த மலையில் பெரும்பகுதி 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வன உயிரினச் சரணாலயம். தெற்கே கடையம் பக்கம் போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம், வண்டியோடு நுழைவதைச் சொல்லவே வேண்டாம். “சத்தமே இல்லாத வண்டிதானே, மிருகங்களுக்கு என்ன தொந்தரவு?” என்ற வாதம் எடுபடாது. சத்தம் கேட்டால் யானையும் கரடியும் விலகிப்போக நேரம் கிடைக்கும். சத்தமில்லாமல் வளைவில் திரும்பி கரடியின் முன்னால் போய் நிற்பது இருவருக்கும் கேடு. 2022 நவம்பரில் கடையம் அருகே சிவசைலம் பக்கம் கரடி தாக்கி மூன்று பேர் படுகாயமடைந்ததை ஊர் மறந்திருக்காது.

அடுத்தது பதிவு. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத வேகமும் கொண்ட இலகு ரக வண்டிகளுக்கு மட்டுமே பதிவும் உரிமமும் வேண்டாம். பந்தய ரக வண்டிகளும் இணையத்தில் விற்கும் பல இறக்குமதி வண்டிகளும் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியைச் சாலையில் எடுத்தால் அபராதம். ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாத பையன் என்றால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. சாலைக்கென்று பதிவாகும் வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

மிஞ்சுவது தோப்பும் வயல் பாதையும். என் கணிப்பில் இங்கே மின்சார மண்பாதை வண்டியின் எதிர்காலம் அங்கேதான். இன்று தேங்காயும் உர மூட்டையும் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் செய்கிற வேலையை, பம்ப்செட் அறையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு செய்யும் வலுவான மின்சார வண்டி ஒன்று வந்தால் விவசாயிகள் வாங்குவார்கள். துள்ளிக் குதிக்கும் ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் பைக்குக்கு அந்தச் சந்தை கிடைக்காது.

வாங்க முடிவு செய்துவிட்டவர்கள் முன்பணம் கட்டுமுன் சில கேள்விகள் கேளுங்கள். பழுது என்றால் தென்காசியிலேயே பார்ப்பார்களா, நெல்லைக்கோ மதுரைக்கோ ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா? பேட்டரி ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிப்படி சான்று பெற்றதா? மண் பாதையில் ஓட்டினால் வாரண்டி செல்லுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். குற்றால சீசனுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள், வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போடுகிறீர்கள். அந்த நாட்களிலும் அவர்களுக்குப் பொழுதுபோகும்படி, காட்டையும் நீர்நிலையையும் விட்டு விலகிய தரிசு நிலத்தில் வேலியடைத்த ஒரு மண் ஓடுதளம் அமைத்து, ஹெல்மெட்டும் பயிற்சியாளரும் ஆம்புலன்ஸும் வைத்து, கட்டணம் வாங்கி ஓட்ட விடுங்கள். பையன்கள் மலைப்பக்கம் போகாமல் அங்கே வருவார்கள்.