வெந்நீர் ஹீட்டர்: பராமரிப்பும் பாதுகாப்பும்

மழையும் பனியும் தொடங்கிவிட்டால், சுபுஹுக்கு ஒளூச் செய்யும் முதியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் வெந்நீர் அவசியமாகிவிடுகிறது. இன்று பல வீடுகளில் அதற்கு மின்சார ஹீட்டர் இருக்கிறது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் சேரும் சாதனம் அது. கவனக்குறைவு பணத்தை மட்டுமல்ல, உயிரையே பறித்துவிடக்கூடும். எனவே டேங்க் உள்ள ஹீட்டரைப் பற்றி ஒவ்வொரு வீட்டாரும் அறிய வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

உள்ளே இருப்பவை

தண்ணீரைச் சூடாக்குவது காயில். குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதாகிச் சூடு எல்லை மீறினால், கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டிக்கும். டேங்கில் அழுத்தம் மிகுந்தால் வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. இவை தவிர மெக்னீசியக் கம்பி ஒன்றும் உண்டு. அது தான் கரைந்து, டேங்க் துருப்பிடிக்காமல் காக்கிறது.

உப்புத் தண்ணீரே முதல் எதிரி

போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது காயில் மீது வெள்ளை ஓடாகப் படிகிறது. ஓடு தடித்தால் சூடு தண்ணீருக்கு எளிதில் போய்ச் சேராது. காயில் மிகையாகச் சூடேறி எரிந்துபோகும். 2,000 வாட் ஹீட்டர், 25 டிகிரியில் உள்ள 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 18 நிமிடமே போதும், ஏறத்தாழ 0.6 யூனிட் செலவாகும். உங்கள் வீட்டில் இதைவிட மிக அதிக நேரம் பிடித்தாலோ, டேங்கில் கரகரவென்று சத்தம் கேட்டாலோ, உப்புப் படிந்திருக்கலாம்.

உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை அழைத்து டேங்கையும் காயிலையும் சுத்தம் செய்யுங்கள். அப்போதே மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடலாம். அதன் விலை, டேங்க் துருப்பிடித்துப் புது ஹீட்டர் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பழுதை அறிவது எப்படி?

• விளக்கே எரியவில்லை: முதலில் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• சூடாக்கும் விளக்கு எரிந்தும் தண்ணீர் சூடாகவில்லை: பெரும்பாலும் காயில் போயிருக்கும்.
• ஸ்விட்ச் போட்டதும் எம்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. விழுகிறது: மின்கசிவோ ஷார்ட்டோ இருக்கலாம். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டாம்.
• சூடாகும்போது மட்டும் வால்வில் சொட்டுச் சொட்டாக நீர் வருகிறது: சூட்டில் தண்ணீர் விரிவதால் வருவது, இயல்பானதே. வால்வை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் டேங்க் வெடிக்கக்கூடும். எப்போதும் ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும்.
• டேங்கின் உடலிலேயே கசிவு: பெரும்பாலும் டேங்கையோ ஹீட்டரையோ மாற்றுவதே வழி.

உயிர் காக்கும் விதிகள்

குழாயைத் தொடும்போது சுர்ரென்று லேசாக ஷாக் அடித்தாலும் அதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். மெயினை அணைத்து, எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை பயன்படுத்தாதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எல்லா வீட்டிலும் இருப்பது நல்லது. குளிக்கப் போகும் முன் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

டேங்கில் தண்ணீர் இல்லாமல் ஸ்விட்ச் போட்டால் காயில் எரிந்துவிடும். நெடுநாள் பூட்டிய வீட்டிலும், பழுது பார்த்த பிறகும், சூட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதைப் பார்த்துவிட்டே ஸ்விட்ச் போடுங்கள்.

60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளையும் முதியவர்களையும் குளிப்பாட்டும்போது, வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். கையை விட்டுப் பார்த்த பின்னரே ஊற்றுங்கள்.

மூடியைக் கழற்றும் வேலை வீட்டாருக்கு உரியதல்ல. பழைய ஹீட்டரை வாங்குவோரும் பிறருக்குக் கொடுப்போரும், வால்வு, எர்த், காயில் மூன்றையும் சோதித்த பிறகே மாட்டுங்கள். குளிர் தொடங்குமுன் ஒருநாள் இதற்கென ஒதுக்கிவிட்டால், அந்தப் பருவம் முழுவதும் கவலையின்றி இருக்கலாம்.