எச்சில் இலையும் உடைந்த பாட்டிலும்

கொல்லிமலையின் மேலே அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு, மலையை விட்டு இறங்கித் தரையைத் தொடும் இடம் புளியஞ்சோலை. திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், காட்டின் விளிம்பில் இருக்கிற ஊர். விடுமுறை நாட்களில் வேன் பிடித்து வருகிறவர்கள் பாறைகளுக்கு நடுவே குளித்துவிட்டு, கட்டிக்கொண்டு வந்த சோற்றைக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இப்படிக் கூடிச் சாப்பிடுகிற ஆற்றங்கரை எதுவானாலும் இரண்டு காட்சிகள் தவறுவதில்லை: எச்சில் இலைக்காகக் காத்திருக்கும் நாய்கள், மணலில் கழுத்து மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும் பாட்டில்கள். நாய் என்றால் பிராணிகள் மேல் பிரியம் உள்ளவர்களின் கவலை, பாட்டில் என்றால் துப்புரவுப் பணியாளரின் வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை தவறு. சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட்ட இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகும் ஒரே பழக்கம்தான் இரண்டுக்கும் மூலம். சோறு நாயை அந்த இடத்துக்கு இழுக்கிறது. கண்ணாடி அதன் காலை அறுக்கிறது.

மணலும் சோடா உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து 1,500 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் உருக்கினால் கிடைப்பது கண்ணாடி. அதைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர் கிடையாது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும், பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலிலும், கீழடியிலும் கிடைத்த கண்ணாடி மணிகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. இன்றைக்கும் நூலில் கோத்து அணியலாம் போலிருக்கின்றன. அரிக்கமேட்டில் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளை 1930களில் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் வாங்கிச் சேர்த்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே முறையாக அகழாய்வு செய்தார். அழியாத அந்தக் குணம் நமக்கு வரலாற்றைக் கொடுத்தது. ஓடைக்கு வந்தால் அதே குணம் கேடாகிறது. காற்றில் பளிச்சென்று தெரிகிற கண்ணாடி, தண்ணீருக்குள் போனதும் பாதி மறைந்துவிடும்; தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைக்கும் அளவில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை என்பதே காரணம். பழுப்புச் சில்லுகள் கூழாங்கல்லின் நிறத்தோடு ஒன்றிவிடும். உடைந்த பாட்டிலில் மிகவும் மோசமானது அதன் அடிப்பாகம். கனம் அங்கேதான் இருக்கிறது. அதனால் அது புரளாமல் மணலில் தட்டையாக உட்கார்ந்து, கூரான விளிம்பை மேலே காட்டி நிற்கும். அதன்மேல் முதலில் பதிவது செருப்பில்லாத கால்தான்: குளிக்க இறங்கிய குழந்தையுடையது, தண்ணீர் குடிக்க வந்த மாட்டினுடையது, நாயினுடையது. நாயின் பாதத்தில் கறுப்பாக, திண்டு போலத் தெரிகிற சதை வெட்டுப்பட்டால் ரத்தம் நிறையப் போகும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உடம்பின் பாரம் அங்கே இறங்குவதால் வெட்டுவாய் சேராது. நாயும் நக்கி நக்கிப் புண்ணைப் பெரிதாக்கும். கண்ணாடித் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தெரியும். நொண்டுகிற நாயின் பாதத்தை ஊசியால் கிளறாமல், சுத்தமான தண்ணீரில் கழுவித் துணி சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரி.

பசித்த நாய்க்கு ஒரு வாய் சோறு போடுவதிலுமா குற்றம் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்துதான் ஓநாயிலிருந்து நாய் பிரிந்தது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதை 2013இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எனவே கேழ்வரகுக் களியும் சோறும் நாய்க்கு அந்நியமில்லை. ஆனால் சுற்றுலா வந்தவரின் இலையில் மிஞ்சுவது வெறும் சோறா? வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தைத் தாக்கும். எண்ணெய் ஊறிய பாலித்தீன் பையையும் வாசனைக்காக நாய் சேர்த்தே விழுங்கிவிடும். இதைவிடப் பெரிய கேடு, காட்டோரத்தில் நாய்கள் கூட்டம் சேர்வது. வெறிநோய் ஒரு பக்கம் இருக்க, நாய்களிடம் பரவலாக உள்ள டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தாக்கி 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில், கண்ட இடத்தில் உணவு போடுவதைத் தடுத்து, வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்கச் சொன்னது. கருணையைக் கைவிடச் சொல்லும் உத்தரவாக நான் இதைப் பார்க்கவில்லை. கருணைக்கு ஓர் இடம் வேண்டும் என்கிறது. வளர்க்கிறவர் தன் வாசலில், தன் தட்டில், வேளை தவறாமல் வைத்தால் நாய் ஆற்றங்கரையில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

பாட்டிலுக்கும் இப்படி ஓர் இடம் முன்பு இருந்தது. கோலி சோடா குடித்தவர் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார், அது கடைக்காரரின் முதல் என்பதால். பழைய இரும்பு, பித்தளையோடு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்தவர் தெருத்தெருவாக வந்தார். விலை இருந்தவரை பாட்டில் குப்பை ஆகவில்லை. இதற்கு நம் காலத்துச் சாட்சி நீலகிரி. காட்டில் வீசப்படும் மதுபாட்டில்கள் யானை உள்ளிட்ட விலங்குகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து, அதன் பேரில் 2022 மே 15 முதல் அந்த மாவட்டத்தின் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். விற்றவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் திரும்பின. திட்டம் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் இதே வழியை 1971இலேயே சட்டமாக்கியது.

10 ரூபாயைப் பெரிதாக நினைக்காதவர் வீசத்தானே செய்வார்? செய்வார். ஆனால் அவர் வீசியதைப் பொறுக்க இன்னொருவருக்கு அது கூலி. காலி பாட்டில்களை அடுக்க இடமும் ஆளும் இல்லை என்று கடை ஊழியர்கள் சொல்லும் குறையும் உண்மையானதே. அந்தச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும், விற்பனையாளரின் முதுகில் ஏற்றக் கூடாது. மலையடிவாரத்தில் மதுவையே தடுத்துவிட்டால் போதாதா என்பவர்களுக்கு ஒரு பதில்: ஊறுகாய், ஜாம், குளிர்பானப் பாட்டில்களும் அதே பாறையில்தான் உடைகின்றன. மது பாட்டிலோடு இந்தத் திட்டம் நின்றது எனக்குக் குறையாகவே படுகிறது. உடைந்து போனதற்கும் மதிப்பு உண்டு. பழைய கண்ணாடித் தூள் புது மணலைவிடக் குறைந்த சூட்டில் உருகும். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது.

ஏற்கெனவே ஓடையில் கிடக்கும் சில்லுகள் தாமாகத் திரும்பி வராது, தேடித்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கோடைதான் காலம். தண்ணீர் வற்றி மணல் வெளியே தெரியும். விடியற்காலையில் சாய்வாக விழும் வெயிலில் சில்லு தானாக மின்னிக் காட்டிக் கொடுக்கும். கனமான கையுறையும் தடித்த அடியுள்ள செருப்பும் வேண்டும். சாக்கிலோ பாலித்தீன் பையிலோ போட்டால் கிழித்துக்கொண்டு தூக்குகிறவரின் தொடையில் குத்தும். பழைய எண்ணெய்த் தகர டின் நல்லது. ஆடியில் வெள்ளம் வந்துவிட்டால் மணல் புரண்டு, எடுக்காமல் விட்டவை எல்லாம் மறுபடி மூடிக்கொள்ளும்.